வண்டிக்கு அடியில் ஒரு களிமண் உருண்டை

ஒரத்தநாடு
16.9.2024

அன்புள்ள ஹாஜா அண்ணனுக்கு,

"வண்டி குலுங்குனா உள்ள வச்ச எலும்பு நகருமா வாணி?"

போன மாதம் உங்கள் அக்கா மகன் கல்யாணத்துக்குப் போய் உங்கள் வேனில் திரும்பும்போது, அய்யம்பேட்டையில் நீங்கள் டீ குடிக்க இறங்கிய நேரத்தில், ஆமினா என்னிடம் இப்படிக் கேட்டாள். "அதெல்லாம் நகராது, சும்மா இரு" என்று சொல்லிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுத்த காலத்தில் கேள்வி கேட்ட பிள்ளையைப் பார்த்து ஒருநாளும் 'சும்மா இரு' என்று சொன்னதில்லை. கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்த தோழியிடம், உங்கள் மனைவியிடம், சொல்லிவிட்டேன். அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அது போதாது என்று, வண்டி புறப்பட்டதும் உங்கள் மருமகன் முன்னால், "அண்ணே, இது வேனா, மாவு மில்லா?" என்று வேறு கேட்டுவைத்தேன். எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து உங்கள் போனில் என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள் என்று தெரியும். ஆமினாவின் போனில் கூப்பிட்டால் நீங்கள் பக்கத்தில் இருக்கிறீர்கள். அவள் மீன் விலையைப் பேசுகிறாள். ஆகவே தபாலில் எழுதுகிறேன். இதைத் தடுக்க முடியாது, வேண்டுமானால் கிழிக்கலாம். படித்துவிட்டுக் கிழியுங்கள்.

மே மாதம் ஆமினா கொல்லையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பு மூட்டில் உடைந்த பந்தை எடுத்துவிட்டுச் செயற்கைப் பந்து வைத்தார்கள். எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்றார்கள். ஆனாலும் தஞ்சாவூருக்குப் பயிற்சிக்குப் போய்வரும் ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று நாள் வலியில் கிடக்கிறாள். நவம்பரில் பார்க்கும்போதும் வலி இதே மாதிரி இருந்தால் திரும்பத் திறந்துதான் பார்க்க வேண்டியிருக்கும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். இன்னொரு முறை அந்தக் கத்திக்கு அவள் தாங்குவாளா என்று உங்களுக்கும் பயம், எனக்கும் பயம்.

நான் கேட்பது ஒன்றுதான். வீட்டில் இருக்கும் நாட்களில் வலி குறைவு. வண்டியில் போய்வந்தால் அதிகம். அப்படியானால் ஆமினாவைப் பரிசோதிக்கும்போது வண்டியையும் சேர்த்துப் பரிசோதிக்க வேண்டாமா? வண்டியின் பின் மூலையில் உங்கள் முழு எடையையும் போட்டு அழுத்தி, விட்டுவிடுங்கள். நல்ல வண்டி அமுங்கி, எழுந்து, ஒரு தரம் லேசாகத் தாழ்ந்து நின்றுவிடும். நிற்காமல் ஆடிக்கொண்டே இருந்தால் ஷாக் அப்சர்பர் போய்விட்டது என்று அர்த்தம். என்ன ஆயிற்று என்று ஒரு வரி எழுதுங்கள்.

தங்கை,
இசைவாணி


கும்பகோணம்
21.9.2024

டீச்சர் அம்மாவுக்கு, ஹாஜா மைதீன் எழுதுவது.

கிழிக்கவில்லை. படித்தேன்.

என் வண்டி தாழ்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், ஏன் தாழ்த்தினேன் என்று உங்களுக்குத் தெரியாது. ஆபரேஷன் முடிந்து முதல் தடவை பயிற்சிக்குக் கிளம்பிய அன்று ஆமினாவால் வண்டிப் படியில் கால் வைக்க முடியவில்லை. நானும் பக்கத்து வீட்டுப் பையனும் ஆளுக்கு ஒரு பக்கம் கை கொடுத்துத் தூக்கி வைத்தோம். தெருவே பார்த்தது. வண்டிக்குள் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டவள் பாபநாசம் வரை எடுக்கவில்லை. "இனிமே என்னை யாரும் தூக்க வேணாம். அப்படித் தூக்கித்தான் போகணும்னா நான் ஆஸ்பத்திரிக்கே வரல" என்றாள்.

அடுத்த வாரமே பட்டறைக்குக் கொண்டுபோய் வண்டியைத் தரையோடு தாழ்த்தினேன். பின்னால் எடை தாங்கும் கமான் பட்டை அடுக்கில் ரெண்டைக் கழட்டி, முன்னால் ஸ்பிரிங் சுருளை ஒரு சுற்று வெட்டித் தந்தார்கள். இப்போது அவளே ஏறுகிறாள், அவளே இறங்குகிறாள். யார் கையும் வேண்டாம். அந்த வண்டியைத்தான் நீங்கள் மாவு மில் என்றீர்கள்.

ஷார்ஜாவில் நான் ஓட்டாத வண்டி கிடையாது. எனக்கு வண்டிப் பாடம் வேண்டாம். இருந்தாலும் நீங்கள் சொன்னபடி பின் மூலையில் ஏறி உட்கார்ந்தே அழுத்திப் பார்த்தேன். அசையவே இல்லை. மலை மாதிரி நிற்கிறது. ஆடினால்தானே கோளாறு என்றீர்கள்? ஆடவில்லை. ஷாக் முதல் தரம்.

அப்புறம் ஒன்று. ஒவ்வொரு தடவையும் "எப்படிம்மா இருக்கு?" என்று கேட்கிறேன். "சொகமா இருக்குங்க" என்றுதான் சொல்கிறாள். உங்களிடம் மட்டும் எலும்பு நகருமா என்று கேட்டிருக்கிறாள். அப்படியானால் என்னிடம் சொன்னது என்ன? அதற்கு உங்கள் இயற்பியலில் பதில் இருந்தால் எழுதுங்கள்.

ஹாஜா மைதீன்

(வாணி, இவரு பள்ளிவாசலுக்குப் போன நேரம் பாத்து ஓரத்துல எழுதுறேன். அதை ஏன்டி இவர்கிட்ட சொன்ன? ரெண்டு நாளா மனுஷன் சரியா சாப்பிடல. எனக்கு வலி இருந்தா இருந்துட்டுப் போவுது. இவரு மூஞ்சியப் பாக்க முடியல. ஆமினா)


ஒரத்தநாடு
24.9.2024

அன்புள்ள ஹாஜா அண்ணனுக்கு,

மாவு மில் என்று சொன்னதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். ஆமினா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த வண்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பேன்.

நீங்கள் கேட்டதற்கு முதலில் பதில். பாடம் நடத்தி முடித்துவிட்டு "புரிஞ்சுதா?" என்று கேட்பேன். வகுப்பு முழுவதும் ஒரே குரலில் "புரிஞ்சுது டீச்சர்" என்று சொல்லும். பரீட்சைத் தாளைப் பார்த்தால் பாதிப் பேருக்குப் புரிந்திருக்காது. அவர்கள் என்னை ஏமாற்றவில்லை அண்ணே. தொண்டை கட்டிப்போய்க் கரும்பலகை முன் நிற்கிறவளைப் பார்த்துப் 'புரியல' என்று சொல்ல அவர்களுக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான். ஆமினா சொன்ன "சொகமா இருக்கு" அந்த வகை. நான் பிறகு கேட்கும் விதத்தை மாற்றிக்கொண்டேன். "புரிஞ்சுதா?" என்பதை விட்டுவிட்டு, "எந்த வரில நின்னுட்ட?" என்று கேட்க ஆரம்பித்தேன். நீங்களும் அவளிடம் "எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள். "எந்த இடத்துல வலிச்சுது?" என்று கேளுங்கள்.

இப்போது வண்டிக்கு வருகிறேன். ஆடினால்தான் கோளாறு என்று நான் எழுதியது பாதிப் பாடம். அசையவே இல்லை என்று நீங்கள் எழுதிய வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். ஓர் ஊஞ்சல் ஆடாமல் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரும் ஆட்டாததால் நிற்கலாம். அல்லது சுவரோடு முட்டிக்கொண்டு நிற்பதால், தள்ளினாலும் போக இடம் இல்லாமல் நிற்கலாம். உங்கள் வண்டி இரண்டாவது வகையோ என்று சந்தேகம்.

அண்ணே, வண்டிக்கு அடியில் பார்த்தால் பின் அச்சுக்கு நேர் மேலே, வண்டிச் சட்டத்தை ஒட்டி ஒரு ரப்பர் கட்டை இருக்கும். ஷார்ஜாவில் நீங்கள் ஆயிரம் தரம் பார்த்திருப்பீர்கள். பள்ளத்தில் விழும்போது பட்டை வளைந்து கொடுக்கும். அச்சு மேலே வரும். எப்போதாவது பெரிய பள்ளத்தில் மட்டும் அந்த ரப்பரில் போய்த் தொடும். அது அடிக்கடி தொட்டால் பட்டை செய்ய வேண்டிய வேலையை ரப்பர் செய்கிறது என்று பொருள். ரப்பர் வளைந்து கொடுக்காது. வாங்கிய அடியை அப்படியே மேலே அனுப்பும். மேலே உட்கார்ந்திருப்பது ஆமினா.

தொடுகிறதா இல்லையா என்று ஓட்டுகிறவருக்குத் தெரியாது. களிமண்ணுக்குத் தெரியும். எலுமிச்சம்பழ அளவுக்கு ஈரக் களிமண்ணை உருட்டி அந்த ரப்பரின் அடியில் ஒட்டுங்கள். ஒரு நடை போய்வந்து பாருங்கள். உருண்டை உருண்டையாகவே இருந்தால் நான் சொன்னது தப்பு. என் எண்ணை இன்னும் ஒரு வருடம் தடுத்து வையுங்கள்.

குனிந்து பார்க்கும்போது கை பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் கொடுங்கள்.

தங்கை,
இசைவாணி


கும்பகோணம்
5.10.2024

டீச்சர் அம்மாவுக்கு,

நேற்று ஜும்மா முடிந்து வந்து, அரசலாற்றங்கரையில் களிமண் எடுத்து, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தேன். தெருவில் போகிறவன் எல்லாம் "என்ன பாய், வண்டிக்குப் பூசுறீங்களா?" என்று கேட்டுக்கொண்டு போனான். அவர்களுக்கும் பதில் சொல்லி, களிமண்ணை ஒட்டப் போனால், ஒட்ட இடம் இல்லை. அச்சுக்கும் ரப்பருக்கும் நடுவில் என் விரலே போகவில்லை. நின்ற இடத்திலேயே தொட்டுக்கொண்டிருக்கிறது.

அப்படியே கொஞ்ச நேரம் படுத்துக் கிடந்தேன் டீச்சர். பிறகுதான் எழுந்து பின் சீட்டைத் தூக்கினேன். அடியில் மூன்று மூட்டை நெல்.

உங்களிடம் மறைக்கவில்லை, சொல்ல வேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை. இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வான், காலி வண்டி உதைக்கும், நெல் ஏற்றிய வண்டி மெத்து மெத்தென்று போகும் என்று. அறுப்புக் காலத்தில் நானே மூட்டை மேல் படுத்துத் தூங்கிக்கொண்டு போயிருக்கிறேன். தாழ்த்திய பிறகு வண்டி கொஞ்சம் உதைத்தது. அதனால் ஆமினாவுக்குச் சுகமாக இருக்கட்டும் என்று வீட்டுக்கு வாங்கிய நெல்லை அங்கே போட்டு வைத்தேன். அதோடு இன்னும் தாழ்ந்தது. ஏறுவதற்கு இன்னும் எளிது என்று சந்தோஷப்பட்டேன்.

மூட்டைகளை இறக்கினேன். இரண்டு விரல் இடைவெளி வந்தது. களிமண்ணை ஒட்டி சுவாமிமலை வரை போய்த் திரும்பினேன். தோசை மாதிரி ஒட்டிக் கிடந்தது.

அதைச் சுரண்டி எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய் ஆமினாவிடம் காட்டினேன்.

"என்னங்க இது, வரட்டியா?"

"இதான் உன் இடுப்பு. எந்த இடத்துல வலிச்சுது, சொல்லு."

நீங்கள் சொன்னபடியே கேட்டேன். கரண்டியை வைத்துவிட்டு அடுப்பை அணைத்தாள். பிறகு ஒவ்வொரு இடமாகச் சொன்னாள். பாபநாசம் பாலம் ஏறும்போது. அய்யம்பேட்டையில் முதல் வேகத்தடை. ஆஸ்பத்திரி வாசலில் ரோடு தோண்டி மூடிய இடம். இந்த ரோட்டில் எனக்கே தெரியாத பள்ளம் எல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"எனக்காக வண்டிய வெட்டிட்டு வந்து நின்னீங்களே. அந்த மூஞ்சியப் பாத்து எப்படிங்க சொல்றது?"

இப்போது என்ன செய்வது என்று எழுதுங்கள். பாடமாக இருந்தாலும் பரவாயில்லை.

ஹாஜா மைதீன்


ஒரத்தநாடு
9.10.2024

அன்புள்ள ஹாஜா அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. வரட்டியா என்று கேட்டாளாமே! அவள் அந்த விடுதிக் காலத்து ஆமினாவேதான்.

நெல் மூட்டை விஷயத்தில் நீங்கள் நினைத்தது தப்பில்லை. ஊர் சொல்வது உண்மை. முழு உயரத்தில் இருக்கும் வண்டியில் பாரம் ஏற்றினால் மெத்தென்றுதான் போகும். ஏனென்றால் அங்கே பட்டைக்கு வளைய இடம் இருக்கிறது. அந்த உண்மையை இடமே இல்லாத வண்டியில் கொண்டுபோய் வைத்துவிட்டீர்கள்.

வைக்கோல் போரில் பிள்ளைகள் குதித்து விளையாடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஆள் உயரப் போரில் குதித்தால் ஒன்றும் ஆகாது. அதே வைக்கோலைக் களத்தில் ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பிவிட்டுக் குதித்தால்? வைக்கோல் மென்மையானதுதான், ஆனால் உடம்பு அதைத் தாண்டித் தரையில் மோதிவிடும். உங்கள் வண்டி அப்படித்தான் இருக்கிறது. பட்டை குறைந்ததால் அது மிருதுவாகத்தான் ஆயிற்று. மிருதுவானதால் சீக்கிரம் அமுங்கி ரப்பரில் மோதுகிறது. சீட்டில் எத்தனை மெத்தை போட்டாலும் அந்த மோதல் போகாது.

ஆகவே நல்ல பட்டைப் பட்டறை ஒன்றில் இப்படிச் சொல்லுங்கள். கழற்றிய பட்டைகளைத் திரும்பப் போட வேண்டும். உயரம் குறைய வேண்டுமானால் பட்டையை எடுக்கக் கூடாது. எல்லாப் பட்டைகளையும் வைத்துக்கொண்டு வளைவை மட்டும் கொஞ்சம் தட்டிக் குறைக்கலாம். ரப்பர் கட்டைக்குப் பதிலாக இதைவிடக் குட்டையான, மிருதுவான கட்டை போட வேண்டும். முன்னால் வெட்டிய சுருளை எடுத்துவிட்டு அளவான சுருள். தாழ்ந்த வண்டியில் பழைய நீள ஷாக் அடிவரை அமுங்கியே கிடந்திருக்கும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். சக்கரத்தில் காற்றைக் கதவோரம் ஒட்டிய அட்டையில் போட்டிருக்கும் அளவுக்கு மேல் ஏற்றாதீர்கள். நீங்கள் மைலேஜுக்காகக் கல் மாதிரி அடித்து வைப்பீர்கள் என்று ஆமினா முன்பே சொல்லியிருக்கிறாள்.

ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இதையெல்லாம் செய்தால் வண்டி கொஞ்சம் உயரும். முழு உயரத்துக்குப் போகாது. ஆனால் இப்போது இருப்பது போலத் தரையோடு இருக்காது. ஆமினா ஏறுவதற்கு என்ன வழி என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

தங்கை,
இசைவாணி


கும்பகோணம்
26.10.2024

டீச்சர் அம்மாவுக்கு,

வேலை முடிந்தது. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பகலவன் என்று பட்டைப் பட்டறைக்காரர் ஒருவர், லாரிக்காரர்கள் எல்லாம் போகிற இடம். வண்டிக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"பாய், கழட்டுன பட்டை ரெண்டும் எங்க?"

"வீட்டுல இருக்கு. கோழிக்கூட்டுக் கூரை பறக்காம பாரமா வச்சிருக்கேன்."

"அப்ப கோழிதான் சொகமா இருக்குன்னு சொல்லுங்க."

"இன்னும் இரும்பு போட்டா வண்டி மெத்துன்னு ஆவுமா?" என்று கேட்டேன். நீங்கள் எழுதியும் எனக்கு அந்த இடம் மட்டும் தொண்டையில் இறங்கவில்லை.

"ஆவலன்னா என் பட்டறையில வந்து என்னைத் திட்டுங்க" என்றார்.

கோழிக்கூட்டுக் கூரையிலிருந்து இறக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எல்லாப் பட்டையையும் போட்டு, வளைவைக் குறைத்து, குட்டை ரப்பர், முன்னால் புதுச் சுருள், குட்டை ஷாக். நீங்கள் சொன்ன எல்லாமும் ஆயிற்று. பழைய ஷாக்கைக் கையில் எடுத்து இழுத்துக் காட்டினார். எண்ணெய் கசிந்து செத்துப்போய் இருந்தது. நான் முதல் தரம் என்று உங்களுக்கு எழுதிய அதே ஷாக்.

ஓட்டிக்கொண்டு வந்தேன். வேகத்தடையில் ஏறி இறங்கினேன். சத்தம் இல்லை. திரும்பி வந்து அதே வேகத்தடையில் இன்னொரு தரம் ஏறினேன், நான் தூங்கிவிட்டேனோ என்று.

ஆனால் நீங்கள் பயந்தது நடந்தது. வண்டி நாலு விரல் உயர்ந்துவிட்டது. வாசலில் நிறுத்தி ஆமினாவைக் கூப்பிட்டேன். கதவைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கினாள். எட்டவில்லை. இன்னொரு தரம் தூக்கினாள். முகம் வெளுத்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பையன், "தூக்கட்டுமா மாமா?" என்று ஓடி வந்தான். ஆமினா திரும்பி, கைத்தடியை ஊன்றிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நானும் உள்ளே போனேன். "பகலவன்கிட்ட சொல்லி ரெண்டு பட்டையையும் கழட்டிடுறேன்" என்றேன்.

"அதத் தொடாதீங்க."

"அப்ப எப்படி ஏறுவ?"

"இருங்க, யோசிக்கிறேன். அதுக்குள்ள ஸ்பேனர எடுத்துக்கிட்டு ஓடாதீங்க."

அடுப்படியில் சுற்றும் முற்றும் பார்த்தாள். மூலையில் அவள் மீன் ஆயும்போது உட்காரும் மணைப் பலகை சாத்தி வைத்திருந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு தாழ உட்காரவே கூடாது என்று டாக்டர் சொன்னதால் மே மாதத்திலிருந்து அது சும்மா கிடக்கிறது. கைத்தடியால் அதைக் காட்டினாள்.

"அத எடுங்க."

"அதுல உக்காரக் கூடாதுன்னு டாக்டரு சொல்லியிருக்காருல்ல?"

"உக்காரத்தானே கூடாதுன்னாரு? நிக்கக் கூடாதுன்னு சொன்னாரா?"

வண்டிக் கதவுக்குக் கீழே மணையைப் போட்டேன். பயிற்சி கொடுக்கிற பொண்ணு, ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோவுகிற கால் முதலில் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறாள். ஆமினா நல்ல காலை மணையில் வைத்தாள். மற்றதைச் சேர்த்தாள். மறுபடி நல்ல காலை வண்டியில் வைத்தாள். ஏறிவிட்டாள். யாரும் தொடவில்லை. உள்ளே உட்கார்ந்து தெருவைப் பார்த்து முந்தானையைச் சரி செய்துகொண்டாள், மகாராணி மாதிரி.

மணை வழுக்காமல் இருக்க மேலேயும் கீழேயும் பழைய டயர் ரப்பரை வெட்டி ஆணி அடித்துவிட்டேன். கதவோரம் பிடிக்க ஒரு கம்பியும் வைத்தாயிற்று. பதினொன்றாம் தேதி டாக்டரைப் பார்க்க வேண்டும். துஆ செய்யுங்கள், உங்கள் வழியில் எப்படி வேண்டிக்கொள்வீர்களோ அப்படி.

ஹாஜா மைதீன்

(மீன் மணை இப்ப மெக்கானிக் சாமான் ஆயிடுச்சு வாணி. இனிமே மீன் இவரு நின்னுக்கிட்டே ஆயட்டும். ஆமினா)


ஒரத்தநாடு
2.11.2024

அன்புள்ள ஹாஜா அண்ணனுக்கு, ஆமினாவுக்கும்,

மணைப் பலகை எனக்குத் தோன்றவே இல்லை. நான் மடக்குப் படி, இரும்புச் சட்டம் என்று தாளில் படம் போட்டுக்கொண்டிருந்தேன். அந்தத் தாளை இப்போது தீபாவளி முறுக்குக்கு எண்ணெய் ஒற்றப் போட்டுவிட்டேன்.

மழை பிடித்துக்கொண்டது. வாய்க்கால் எல்லாம் நிறைந்து ஓடுகிறது. கிளம்பி வரலாம் என்றால் என் முழங்கால் விடவில்லை.

ஒன்று எழுத வேண்டும் என்று இரண்டு நாளாக யோசித்து, எழுதாமல் விட்டு, இப்போது எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. வண்டி அடிப்பது நின்றுவிட்டது என்று என்னால் சொல்ல முடியும். வலிக்குக் காரணம் அந்த அடி மட்டும்தான் என்று சொல்ல என்னால் முடியாது. பந்தே சரியாக உட்காராமலும் இருக்கலாம். அப்படி இருந்து டாக்டர் திறக்க வேண்டும் என்று சொன்னால், வாணி நம்பிக்கை கொடுத்து ஏமாற்றிவிட்டாள் என்று நினைக்காதீர்கள். தயவுசெய்து அவர் சொல்வதைக் கேளுங்கள். வண்டியைச் சரி செய்ததால் ஒன்று மட்டும் நிச்சயம்: இனி வலித்தால் அது எங்கிருந்து வருகிறது என்று அவருக்குத் தெளிவாகத் தெரியும்.

பதினொன்றாம் தேதி முடிந்ததும் உடனே எழுதுங்கள்.

இசைவாணி


கும்பகோணம்
13.11.2024

டீச்சர் அம்மாவுக்கு,

அல்ஹம்துலில்லாஹ். திறக்க வேண்டாம்.

முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். நீங்கள் கடைசி வரை தேட வேண்டாம். இனி நிதானமாகப் படியுங்கள்.

போகும் வழி முழுக்க நான் கண்ணாடியில் அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். பாபநாசம் பாலத்தில் ஏறும்போது, "ஏங்க, ரோட்டைப் பாருங்க, என்னைப் பாக்காதீங்க" என்றாள். அய்யம்பேட்டை வேகத்தடை வந்தது. தாண்டிய பிறகு, "வேகத்தடை போயிடுச்சா?" என்று கேட்டாள்.

டாக்டர் காலைத் தூக்கினார், திருப்பினார், நடக்கச் சொன்னார், படம் எடுத்தார்.

"வலி எப்படிம்மா?"

"இருக்கு டாக்டர். ஆனா முன்ன மாதிரி உள்ளயே உக்காந்துக்கிறதில்ல. வந்துட்டுப் போயிடுது. ரெண்டு வாரமா ராத்திரி தூங்குறேன்."

"மாத்திரை ஏதாவது மாத்துனீங்களா?"

"மாத்திரை மாத்தல. கமான் பட்டை மாத்துனோம்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். நெல் மூட்டையையும் மறைக்கவில்லை. சிரித்தார். "எங்க வலிக்குது, எப்ப வலிக்குதுன்னு கேட்டேன். எதுல வரீங்கன்னு நான் கேக்கவே இல்லையே" என்றார். படத்தில் பந்து நன்றாக உட்கார்ந்திருக்கிறதாம். சுற்றியிருந்த தசைதான் ஒவ்வொரு பயணத்திலும் அடி வாங்கிப் புண்ணாகியிருக்கிறது, ஆறிக்கொண்டு வருகிறது என்றார். "ஆப்பரேஷன மறந்துடுங்க. பயிற்சிய மட்டும் விடாதீங்க. ஆறு மாசம் கழிச்சு வாங்க."

வெளியே வந்து வண்டியை எங்கே நிறுத்தினேன் என்று எனக்கு மறந்துவிட்டது. ஆமினாதான் கைத்தடியால் காட்டினாள்.

திரும்பி வரும்போது அவள் பேசிக்கொண்டே வந்தாள். உங்களைப் பற்றி, விடுதியில் நீங்கள் இரண்டு பேரும் சுவர் ஏறிக் குதித்துச் சர்க்கஸ் பார்க்கப் போனதைப் பற்றி. பாபநாசம் தாண்டியதும் சத்தம் இல்லை. கண்ணாடியில் பார்த்தேன். தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள். மே மாதத்துக்குப் பிறகு அவள் வண்டியில் தூங்கி நான் பார்க்கவில்லை.

எங்கள் தெரு வந்தது. நான் திரும்பவில்லை. நேரே போய் மகாமகக் குளத்தைச் சுற்றினேன். மறுபடியும் சுற்றினேன். பூக்காரம்மா, "என்ன பாய், நேர்த்திக்கடனா?" என்று கேட்டது. ஆமாம் என்றேன்.

உங்கள் எண்ணைத் திறந்துவிட்டேன். இனி போன் செய்யலாம். ஆனால் ஒன்று மட்டும் எழுதி அனுப்புங்கள். என் மச்சான் சித்தீக் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றும் வேன் வைத்திருக்கிறான். சின்னப் பிள்ளைகள் ஏற எளிதாக இருக்கட்டும் என்று அவனும் தாழ்த்தி வைத்திருக்கிறான். நான் போய்ச் சொன்னால், "மச்சானுக்கு ஷார்ஜா திமிரு" என்பான். டீச்சர் எழுதினார்கள் என்றால் கேட்பான். ஒரே ஒரு வேலை சொல்லுங்கள், போதும். நிறைய எழுதினால் படிக்க மாட்டான்.

ஹாஜா மைதீன்

(சர்க்கஸ் விஷயத்த இவர்கிட்ட சொல்லிட்டேன்டி. நீ என் விஷயத்த சொன்னதுக்கு அது சரியாப் போச்சு. ஆமினா)


ஒரத்தநாடு
17.11.2024

அன்புள்ள ஹாஜா அண்ணனுக்கு,

முதல் வரியைப் படித்துவிட்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். காப்பி ஆறிப்போயிற்று. அதையும் குடித்தேன், அவ்வளவு நன்றாக இருந்தது. மற்ற வரிகளை மாலையில்தான் படித்தேன். மகாமகக் குளத்தைச் சுற்றிய இடத்தை மட்டும் இரண்டு முறை.

சுவர் ஏறிக் குதித்தது உண்மைதான். முதலில் குதித்தவள் ஆமினா. அதை அவள் சொல்லியிருக்க மாட்டாள்.

சித்தீக்குக்கு நீங்கள் கேட்டபடி ஒன்றே ஒன்று எழுதுகிறேன். இந்தத் தாளைக் கிழித்து அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

தம்பி சித்தீக், வண்டியைச் சமமான தரையில் நிறுத்தி, கை பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் கொடுங்கள். பின் அச்சுக்கு மேலே இருக்கும் ரப்பர் கட்டையின் அடியில் எலுமிச்சம்பழ அளவு ஈரக் களிமண்ணை உருட்டி ஒட்டுங்கள். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வழக்கமாகப் போகும் பாதையில் ஒரு நடை போய்வாருங்கள். திரும்பி வந்து, அந்த உருண்டை உருண்டையாக இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.

இசைவாணி